மின் சக்கர நாற்காலி தேர்ந்தெடுப்பது எப்படி: உடம்பு முதல் பேட்டரி வரை முழுமையான வழிகாட்டி

என் அண்ணனுக்கு முதல் மின் சக்கர நாற்காலி வந்த நாளில் வீடே மகிழ்ந்தது. வேகம், ஓடும் தூரம், மடக்கும் வசதி என்று விவரத்தாளில் இருந்த அத்தனையையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வாங்கியிருந்தோம். மூன்றாவது வாரம் தோள் வலிக்கிறது என்றார். ஒரு மாதத்துக்குள் அவர் உட்காரும் விதமே மாறிப்போனது. இடுப்பு இடப்பக்கம் நகர்ந்து, உடம்பு வலப்பக்கம் சரிந்து, கை, நாற்காலியை ஓட்டும் குமிழான ஜாய்ஸ்டிக்கை எட்டிப் பிடித்தபடி இருந்தது. அளந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, இருக்கை அவருடைய இடுப்பைவிட ஏழு சென்டிமீட்டர் அகலம். கைப்பிடியும் அதில் பொருத்திய ஜாய்ஸ்டிக்கும் அந்த அளவுக்குத் தள்ளிப் போயிருந்தன.

அன்று கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். மின் சக்கர நாற்காலி முதலில் ஓர் இருக்கை, அதன் பிறகுதான் வண்டி. நாளுக்கு எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் ஒருவர் அதில் உட்காரப்போகிறார். ஓட்டுவது அதில் சிறு பங்குதான். ஆகவே இந்த வழிகாட்டி மோட்டாரில் தொடங்கவில்லை, உடம்பில் தொடங்குகிறது. நீங்களும் இதே வரிசையில் போங்கள்.

படி 1: ஒரு வாரம் குறித்து வையுங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். உட்காரப்போகிறவர் காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை எங்கே இருக்கிறார், எத்தனை மணி நேரம் உட்காருகிறார், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எப்படி மாறுகிறார், துணைக்கு யார் இருக்கிறார்கள், எந்த வேளையில் கை சோர்ந்துபோகிறது என்று ஏழு நாளும் எழுதுங்கள். முடிந்தவரை அவரே சொல்ல, அவர் சொன்னபடியே எழுதுங்கள். குடும்பத்தார் கூடிப் பேசி எடுத்த முடிவில் உட்காரப்போகிறவரின் குரல் விடுபட்டுப்போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்து, உடல்நிலையின் போக்கு. தண்டுவடக் காயம் போன்றவற்றில் நிலைமை பெரும்பாலும் ஓரிடத்தில் நிற்கும். தசைச் சிதைவு, நரம்புச் சிதைவு நோய்களில் இன்று இருக்கும் வலு இரண்டு ஆண்டுகள் கழித்து இருக்காது. அப்படிப்பட்டவருக்கு இன்றைய தேவைக்கு மட்டும் பொருந்தும் நாற்காலியை வாங்கினால், அது பழசாவதற்கு முன்பே பயன்படாமல் போய்விடும். பின்னால் சாய்வு மோட்டார், தலைத் தாங்கி, வேறு வகைக் கட்டுப்பாடு ஆகியவற்றைச் சேர்க்க இடமுள்ள அடிச்சட்டமா என்று முதல் நாளே கேளுங்கள். இந்தக் கட்டத்தில் இயன்முறை மருத்துவரையோ, அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் செயல்முறை சிகிச்சையாளரையோ ஒருமுறை நேரில் பார்த்துவிடுவது, பின்னால் வரும் பல செலவுகளைத் தடுக்கும்.

மூன்று சக்கர, நான்கு சக்கர ஸ்கூட்டர்களையும் சிலர் காட்டுவார்கள். கொஞ்சம் நடக்க முடிந்தவர், முதுகைத் தாங்கலின்றி நிமிர்த்தி உட்காரக்கூடியவர், இரண்டு கைகளாலும் கைப்பிடியைத் திருப்பக்கூடியவர் என்றால் ஸ்கூட்டர் போதும். நாள் முழுவதும் உட்காருகிறவருக்கு அது இருக்கையே அல்ல.

படி 2: உடம்பை அளவெடுங்கள்

கட்டிலிலோ சோபாவிலோ உட்காரவைத்து அளக்காதீர்கள், மெத்தை அமுங்கி அளவு பொய்யாகிவிடும். கெட்டியான, தட்டையான நாற்காலியில், வழக்கமாக அணியும் உடையில், முடிந்தவரை நிமிர்ந்து உட்காரவையுங்கள். ஒருவர் தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் அளக்க வேண்டும்.

இருக்கையின் அகலத்துக்கு இடுப்பின் மிக அகலமான இடத்தை அளந்து, இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் கூட்டுங்கள். தடித்த உடை அணிகிறவருக்கு இன்னும் சற்றுச் சேர்க்கலாம், அவ்வளவுதான். "கொஞ்சம் அகலமாக இருந்தால் வசதி" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இருக்கையின் ஆழத்துக்கு, புட்டத்தின் பின்பக்கத்திலிருந்து முழங்காலின் உள்மடிப்பு வரை அளந்து அதில் ஐந்து சென்டிமீட்டர் கழியுங்கள். உட்கார்ந்த பின் முழங்காலின் உள்மடிப்புக்கும் இருக்கையின் விளிம்புக்கும் இடையே இரண்டு, மூன்று விரல் நுழைய வேண்டும். ஆழம் கூடினால் விளிம்பு காலை அழுத்தும். அதைத் தவிர்க்க அவர் முன்னால் சறுக்கி வந்து முதுகு கூனி உட்காருவார். ஆழம் குறைந்தாலோ தொடையின் தாங்கல் போய், பாரமெல்லாம் புட்டத்தில் இறங்கும்.

முழங்காலின் உள்மடிப்பிலிருந்து குதிகால் வரை உள்ள நீளம் கால்மிதியின் உயரத்தைத் தீர்மானிக்கும். கால்மிதி மேலே ஏறிவிட்டால் முழங்கால் உயர்ந்து, தொடை மெத்தையில் படாமல், மறுபடியும் பாரம் புட்டத்துக்கே போகும். கைப்பிடியின் உயரத்தை, தோளைத் தளர விட்டு முழங்கையை மடக்கிய நிலையில் பாருங்கள். கைப்பிடி உயர்ந்தால் தோள் தூக்கிக்கொண்டே நிற்கும், தாழ்ந்தால் உடம்பு சரியும். இந்த உயரங்களையெல்லாம் மெத்தையின் தடிமனையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கடைசியாக உடல் எடை. அதோடு தோள்பை, சுவாசக் கருவி, பின்னால் தொங்கும் சாமான்கள் எல்லாவற்றையும் கூட்டி, நாற்காலி தாங்கும் எடைக்குக் கீழே நல்ல இடைவெளி இருக்கும்படி பாருங்கள்.

படி 3: மெத்தையும் சாய்வும்

இந்த ஒரு படியில் மட்டும் அவசரப்படாதீர்கள். இடுப்பின் அடியில் இரண்டு எலும்பு முனைகள் இருக்கின்றன. உட்காரும்போது உடம்பின் பாரம் பெரும்பாலும் அங்கேதான் இறங்குகிறது. நாம் நம்மை அறியாமலே சில நிமிடங்களுக்கு ஒருமுறை அசைந்து உட்காருகிறோம். உணர்ச்சி இல்லாதவராலோ அசைய முடியாதவராலோ அது முடியாது. எலும்புக்கும் இருக்கைக்கும் இடையில் சிக்கிய தோலுக்கு ரத்த ஓட்டம் குறைந்து புண் வருகிறது. அது ஆறுவதற்கு மாதங்கள் ஆகலாம், அத்தனை நாளும் நாற்காலியிலேயே உட்கார முடியாமல் போகலாம்.

எனவே மெத்தையை நாற்காலியோடு வரும் இலவசப் பொருளாக நினைக்காதீர்கள். ஃபோம் மெத்தை உறுதியாகத் தாங்கும், ஆனால் நாளடைவில் அமுங்கிப்போகும். ஜெல் மெத்தை பாரத்தைப் பரப்பும், கனமாக இருக்கும். காற்று அறைகள் கொண்ட மெத்தை அழுத்தத்தை நன்றாகக் குறைக்கும், ஆனால் காற்றின் அளவை அடிக்கடி சோதிக்க வேண்டும். அவர் உட்கார்ந்திருக்கும்போது மெத்தைக்கும் அவருடைய எலும்பு முனைக்கும் இடையில் கையை நுழைத்துப் பாருங்கள். எலும்புக்கும் அடித்தளத்துக்கும் நடுவே சுமார் ஒரு விரல் தடிமன் காற்று மிச்சம் இருக்க வேண்டும். அடித்தளம் நேராகத் தட்டுப்பட்டால் காற்று போதவில்லை. அளவுக்கு மீறி ஊதினாலும் மெத்தை பந்துபோல் விறைத்து, பாரம் பரவாது.

இனி சாய்வு. இரண்டு வகைச் சாய்வை மக்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்றில் முதுகுச் சாய்மானம் மட்டும் பின்னால் போகும். மற்றொன்றில் இருக்கையும் முதுகும் தமக்குள் இருக்கும் கோணம் மாறாமல் ஒரே துண்டாகப் பின்னால் சாயும். முதுகு மட்டும் சாயும்போது உடம்பு இருக்கையில் வழுக்குகிறது. தோல் ஒரு பக்கமும் எலும்பு ஒரு பக்கமும் இழுபடுகின்றன. அந்த இழுபடலும் புண்ணுக்குக் காரணம். முழு இருக்கையும் சாயும்போது வழுக்கல் குறைவு, பாரம் புட்டத்திலிருந்து முதுகுக்கு மாறுகிறது. சில பாகை சாய்ந்தால் அது ஓய்வுக்கு மட்டும் உதவும். புட்டத்தின் அழுத்தம் உண்மையிலேயே குறைய 30 பாகைக்கு மேல் போக வேண்டும், 45 பாகைக்கு மேல் போகும்போது பலன் தெளிவாகத் தெரியும். இரண்டு வசதியும் இருந்தால் முதலில் முழு இருக்கையைச் சாய்த்து, பிறகு முதுகைச் சாயுங்கள். எழும்போது முதுகை முதலில் நிமிர்த்துங்கள். இப்படிச் செய்தால் முன்னால் சறுக்குவது குறையும்.

தானாக அசைந்து உட்கார முடியாதவருக்கு முழு இருக்கை சாயும் வசதி ஆடம்பரமல்ல. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் வேகத்தை விட்டுக்கொடுங்கள், தூரத்தை விட்டுக்கொடுங்கள், இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

படி 4: கட்டுப்பாடு

இரண்டாம் உலகப் போரில் காயமடைந்து கைகால் செயலிழந்த வீரர்களுக்காக, கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த பொறியாளர் ஜார்ஜ் கிளைனும் அவருடைய குழுவினரும் 1950களின் தொடக்கத்தில் மின் சக்கர நாற்காலியை உருவாக்கினார்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி இயக்கம், ஜாய்ஸ்டிக், குறுகிய இடத்தில் திரும்பும் திறன் என்று அவர்கள் வகுத்த அமைப்பு இன்றைய நாற்காலிகளிலும் தொடர்கிறது. கை வலுவில்லாதவர் தாமே ஓட்ட வேண்டும் என்பதுதான் அதன் பிறப்பிலேயே இருந்த நோக்கம். ஆகவே "இவரால் ஓட்ட முடியாது" என்று யாரும் சட்டென்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

ஜாய்ஸ்டிக்கை எந்த அளவு தள்ளுகிறோமோ அந்த அளவு வேகம் வரும். அதைத் தள்ள வலு போதாதவருக்கு இலகுவான, சிறு அசைவிலேயே முழு வேகம் தரும் ஜாய்ஸ்டிக் இருக்கிறது. கைப்பிடிக் குமிழை உருண்டையாகவோ, மணிக்கட்டைத் தாங்கும் கவை வடிவிலோ மாற்றலாம். கை அறவே அசையாவிட்டால் மோவாயால், தலையின் அசைவால், குழாயில் ஊதியும் உறிஞ்சியும், ஒரே ஒரு பொத்தானால் ஓட்டும் வழிகளும் உண்டு.

கை நடுங்குகிறவருக்கு அந்த நடுக்கத்தை ஜாய்ஸ்டிக் பொருட்படுத்தாதபடி செய்யலாம். புறப்படும் வேகம், நிற்கும் வேகம், திரும்பும் வேகம் மூன்றையும் தனித்தனியே குறைக்கலாம். இவையெல்லாம் நாற்காலியின் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியில் செய்யும் அமைப்புகள். வாங்கும் இடத்தில் இதைச் செய்துதர ஆள் இருக்கிறார்களா, ஆறு மாதம் கழித்து மாற்ற வேண்டியிருந்தால் வருவார்களா என்று கேளுங்கள். திரும்பும் வேகத்தைக் குறைத்த பிறகுதான் அண்ணன் வீட்டுக்குள் பயமில்லாமல் ஓட்டத் தொடங்கினார், அதுவரை சுவர் மூலைகளெல்லாம் அடிவாங்கிக்கொண்டிருந்தன.

மேசைக்கு அருகே போக ஜாய்ஸ்டிக் பக்கவாட்டில் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். துணைக்கு வருபவர் பின்னாலிருந்து ஓட்ட இரண்டாவது ஜாய்ஸ்டிக் தேவையா என்றும் யோசியுங்கள்.

படி 5: வீட்டையும் வழியையும் அளங்கள்

அளவுநாடாவோடு வீடு முழுவதும் ஒருமுறை நடந்துவிடுங்கள். கதவின் அகலத்தைச் சட்டத்துக்குச் சட்டம் அளக்காமல், கதவைத் திறந்து வைத்து, கதவுப் பலகைக்கும் எதிர்ச் சட்டத்துக்கும் இடையே உள்ள இடைவெளியை அளங்கள். நாற்காலியின் மொத்த அகலம் அதைவிடக் குறைந்தது ஐந்து சென்டிமீட்டராவது குறைவாக இருக்கட்டும். நேராக நுழையும் கதவுக்குத்தான் இந்தக் கணக்கு. குறுகிய நடையிலிருந்து திரும்பி நுழைய வேண்டியிருந்தால் நாற்காலியின் நீளமும் திரும்பும் வட்டமும் சேர்ந்துகொள்ளும். முழுதாகத் திரும்பப் பொதுவாக 150 சென்டிமீட்டர் விட்டமுள்ள வெற்றிடம் வேண்டும் என்பார்கள். உங்கள் குளியலறையில் அவ்வளவு இருக்காது. அங்கே எந்த நாற்காலி நுழையும் என்பதைத் தரையில் அட்டை வெட்டிப் போட்டே பார்த்துவிடலாம்.

கட்டிலின் உயரம், மேசையின் கீழ் உயரம், வாசற்படியின் உயரம், மின்தூக்கியின் உள்ளளவு, அது தாங்கும் எடை ஆகியவற்றையும் எழுதுங்கள். மடக்கு நாற்காலிகள் 20 முதல் 30 கிலோ வரை இருக்கும். சாய்வு மோட்டார்களோடு வரும் பெரிய நாற்காலி ஆள் உட்காரும் முன்பே 150 கிலோவைத் தொடலாம்.

சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு 180 சென்டிமீட்டர் நீளம். இந்தச் சரிவு ஏறத்தாழ 4.8 பாகை. விவரத்தாள்களில் ஏறும் திறனைச் சிலர் பாகையிலும் சிலர் சதவீதத்திலும் எழுதுவார்கள். 10 சதவீதச் சரிவு என்பது 5.7 பாகைதான். பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறாமல், எந்த அலகு என்று பாருங்கள்.

படி 6: எந்தச் சக்கரம் இழுக்கிறது

மோட்டார் பூட்டிய பெரிய சக்கரம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து நாற்காலியின் குணமே மாறும்.

நடுச் சக்கரம் இழுத்தால் நாற்காலி இருந்த இடத்திலேயே சுழலும், ஆறு சக்கரமும் தரையில் இருக்கும். வீட்டுக்குள் ஓட்ட இதைவிட நல்லது இல்லை. குழிகளில் மட்டும் கவனம் வேண்டும்: முன்னும் பின்னும் உள்ள சிறு சக்கரங்கள் மேட்டில் ஏறி, நடுச் சக்கரம் அந்தரத்தில் நின்றுவிடலாம். பின் சக்கரம் இழுப்பது வெளியே நீண்ட தூரம் வேகமாகப் போகும்போது நேர்கோட்டில் நிலையாக ஓடும், ஆனால் திரும்ப நிறைய இடம் கேட்கும். முன் சக்கரம் இழுப்பது சிறு தடைகளை நன்றாக ஏறும், மேசைக்கு நெருக்கமாகப் போகும். ஆனால் திரும்பும்போது பின்பகுதி வீசும். ஓட்டுபவர் தனக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைக் கவனிக்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

காற்றடைத்த டயர் அதிர்வை உறிஞ்சும், பஞ்சராகும். கெட்டி டயர் பஞ்சராகாது, குலுக்கும். தனியாக வெளியே போகிறவருக்குக் கெட்டி டயரையே சொல்வேன்.

படி 7: பேட்டரி

பெரும்பாலான நாற்காலிகள் 24 வோல்ட்டில் ஓடுகின்றன. மூடிய ஈய அமில பேட்டரி என்றால் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு தொடராக இருக்கும். விலை குறைவு, கனம் அதிகம். 50 ஆம்பியர்-மணி கொள்ளளவு கொண்டவை இரண்டும் சேர்ந்து 30 கிலோவைத் தாண்டும். பெரிய நாற்காலியில் அந்தக் கனம் அடியில் இருப்பதால் அதன் நிலைத்தன்மைக்கு உதவவும் செய்கிறது. லித்தியம் பேட்டரி இலகு, அதிக முறை சார்ஜ் தாங்கும். மடக்கு நாற்காலிகளில் இதுதான் வருகிறது.

விவரத்தாளில் எழுதிய தூரம் புதிய பேட்டரியில், சமதளத்தில், நிற்காமல் ஓடியதற்கான கணக்கு. நின்று புறப்படுவது, மேடு ஏறுவது, குளிர், சாய்வு மோட்டாரின் பயன்பாடு, பேட்டரியின் வயது எல்லாம் அதிலிருந்து கழியும். நான் பாதியைத்தான் நம்புவேன். உங்கள் நோட்டில் குறித்த மிக நீளமான நாளின் தூரத்தை இரண்டால் பெருக்கி, அந்த எண்ணை விவரத்தாளில் தேடுங்கள்.

ஈய அமில பேட்டரியைத் தினமும் இரவில் முழுதாக சார்ஜ் செய்யுங்கள். தீர்ந்த நிலையில் பல நாள் விட்டால் உள்ளே சல்பேட் படிந்து கெட்டுவிடும். லித்தியத்தை நெடுநாள் பயன்படுத்தாமல் வைக்க நேர்ந்தால் பாதி சார்ஜில் வையுங்கள். ஒரு வகைக்கான சார்ஜரை இன்னொரு வகைக்கு ஒருபோதும் மாட்டாதீர்கள், தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. வீட்டின் வெளிவாசலை மறித்தபடி சார்ஜ் போடவும் வேண்டாம்.

படி 8: கார், விமானம்

வாகனத்தில் நாற்காலியிலேயே உட்கார்ந்து பயணம் செய்வதென்றால், அந்த நாற்காலி ஐஎஸ்ஓ 7176 தரநிலையின் 19ஆம் பகுதியின்படி மோதல் சோதனைக்கு உட்பட்டதா என்று கேளுங்கள். மணிக்குச் சுமார் 48 கி.மீ. வேகத்தில் நேர் மோதல் நிகழ்ந்ததாக வைத்து அந்தச் சோதனையைச் செய்கிறார்கள். தேறிய நாற்காலியின் சட்டத்தில் பட்டைகளை மாட்ட நான்கு இடங்கள் அடையாளமிடப்பட்டிருக்கும். அவை இல்லாத நாற்காலியைக் கண்ட இடத்தில் கட்டி ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

விமானத்தில் போகிறவர் பேட்டரியின் வாட்-மணியை, அதாவது அதில் தேங்கும் ஆற்றலின் அளவைக் கணக்கிட வேண்டும். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள்: 24 வோல்ட், 12 ஆம்பியர்-மணி என்றால் 288. கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரியோடு வரும் மடக்கு நாற்காலிக்கு, சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதிகளின்படி ஒரு பேட்டரிக்கு 300 வாட்-மணி வரைதான் வரம்பு. இரண்டு பேட்டரி என்றால் ஒவ்வொன்றும் 160க்குள் இருக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றி, முனைகளை மூடி, கையோடு கேபினுக்குள் கொண்டுபோக வேண்டும். 24 வோல்ட், 20 ஆம்பியர்-மணி பேட்டரி 480 ஆகிறது, இந்த வரம்புக்குள் அடங்காது. பேட்டரி சட்டத்திலேயே பூட்டியிருக்கும் பெரிய நாற்காலிகளுக்கு விதி வேறு. எதுவானாலும் பயணத்துக்கு முன்பே விமான நிறுவனத்திடம் விவரத்தை எழுத்தில் கொடுத்து அனுமதி வாங்கிவிடுங்கள்.

படி 9: ஓட்டிப் பாருங்கள்

கடையின் வழவழப்பான தரையில் ஒரு சுற்றுச் சுற்றுவது சோதனையல்ல. சொந்த வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள், குறைந்தது ஒரு மணி நேரமாவது உட்கார்ந்திருக்கட்டும். இறங்கிய பிறகு புட்டத்தின் தோலைப் பாருங்கள். சிவந்த இடம் அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் அந்த மெத்தை அவருக்கு ஆகாது.

சாய்தளத்தின் நடுவில் நிறுத்தி மறுபடியும் புறப்படச் சொல்லுங்கள். பின்னால் உருள்கிறதா? ஜாய்ஸ்டிக்கை விட்டவுடன் மோட்டாருக்குள் "டிக்" என்று ஒரு சத்தம் கேட்கும். மின்சாரம் நின்றதும் தானாக இறுகும் பிரேக் அது. அந்தப் பிரேக்கை விடுவித்துக் கையால் தள்ள ஒரு நெம்பு இருக்கும். அதை விடுவித்துவிட்டால் நாற்காலிக்குப் பிரேக்கே கிடையாது, ஆகையால் சரிவில் அதைத் தொடவே கூடாது. இதை வீட்டில் உள்ள எல்லோருக்கும், வந்துபோகும் உறவினர் உட்பட, கையில் பிடித்துக் காட்டிச் சொல்லிவையுங்கள்.

கட்டிலிலிருந்து மாறிப் பாருங்கள். கைப்பிடி மேலே மடிகிறதா, கால்மிதி ஒதுங்குகிறதா? இடுப்புப் பட்டை வயிற்றின் குறுக்கே போகாமல் இடுப்பெலும்புக்கு முன்னால் தாழ்ந்து பதிய வேண்டும்.

படி 10: பணம் கொடுப்பதற்கு முன்

ஐரோப்பியத் தரநிலை இஎன் 12184 நாற்காலிகளை மூன்றாகப் பிரிக்கிறது: வீட்டுக்குள் மட்டும் ஓடும் ஏ வகை, உள்ளும் வெளியும் ஓரளவு ஓடும் பி வகை, பெரும்பாலும் வெளியே நீண்ட தூரம் ஓடும் சி வகை. நீங்கள் பார்க்கும் நாற்காலி எதில் சேரும் என்று கேட்டால் விற்பவர் எந்த அளவுக்கு விஷயம் தெரிந்தவர் என்பதும் தெரிந்துவிடும்.

பழுதானால் வீட்டுக்கு வருவார்களா, எத்தனை நாளில், அதுவரை மாற்று நாற்காலி உண்டா, ஜாய்ஸ்டிக்கும் மோட்டாரும் உதிரியாகக் கிடைக்குமா, பேட்டரிக்கு உத்தரவாதம் எத்தனை மாதம் என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். நாற்காலி நின்றுபோனால் அவருடைய நாளும் நின்றுபோகிறது, ஆகவே பழுதுபார்க்கும் ஆள் அருகில் இல்லாத நல்ல நாற்காலியைவிட, ஆள் இருக்கும் சுமாரான நாற்காலி மேல்.

பழைய நாற்காலி வாங்கினால் பேட்டரியைப் புதிதாக மாற்றும் செலவைச் சேர்த்தே கணக்கிடுங்கள். ஜாய்ஸ்டிக்கின் அடியில் இருக்கும் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அந்தக் கிழிசல் வழியாக நீர் இறங்கினால் ஜாய்ஸ்டிக்கே போய்விடும்.

நாற்காலி வந்த பிறகு முதல் மாதம் முழுவதும் தினமும் மாலையில் தோலைப் பாருங்கள், தோள் வலியைக் கேளுங்கள். வாரம் ஒருமுறை, அவர் இயல்பாக உட்கார்ந்திருக்கும்போது எதிரே நின்று ஒரு புகைப்படம் எடுங்கள். நான்காவது வாரப் படத்தை முதல் படத்தோடு வைத்துப் பார்த்தால் உடம்பு எந்தப் பக்கம் சரியத் தொடங்குகிறது என்று தெரியும். அந்தப் படங்களோடு சிகிச்சையாளரிடம் போய் கைப்பிடியையும் கால்மிதியையும் ஜாய்ஸ்டிக்கையும் மறுபடி சரிசெய்து வாருங்கள்.